இஸ்லாத்தைத் தழுவியவர்களிடம் பேச வேண்டும், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். சென்னையில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முஸ்லிம் வெறுப்பைக் குறைக்க டிவியும் பத்திரிகையும் என்ன செய்யணும் என்று இஸ்லாத்தைத் தழுவிய தமிழர்கள் நினைக்கிறார்கள்? இதுதான் என் ஆய்வு.

1981இல் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறியது பற்றிய செய்திகளில் இருந்து ஆய்வை ஆரம்பித்தேன். அந்த தலித் மக்கள் சாதிக்கொடுமையைச் சொன்னார்கள். செய்திகளோ வளைகுடாப் பணத்தைத் தேடின. 2020 மார்ச்சில், டெல்லியில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் பிரச்சார அமைப்பின் கூட்டத்துக்குப் பிறகு, கொரோனா நோய்க்கே மதம் பூசினார்கள். ஏ.ஆர்.ரஹ்மான், யுவன், மறைந்த பேராசிரியர் பெரியார்தாசன் போல இஸ்லாத்துக்கு வந்த பிரபலங்கள் என்றால் பேட்டி எடுக்க ஆள் உண்டு. சாதாரண ஆளிடம் ‘ஏன் மாறினீங்க?’ என்பதைத் தாண்டி யாரும் கேட்பதில்லை. (நானும் முதல் பேட்டியில் அதைத்தான் கேட்டேன். அந்த அக்கா சிரித்துவிட்டு டீ ஊற்றினார்.)

இதுவரை இரண்டே பேர் கிடைத்திருக்கிறார்கள், இருவரும் மண்ணடிப் பக்கம். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, பெரம்பூர், புறநகர் என எங்கே யாரைத் தெரிந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பெண்கள் என்றால் என் தோழியும் கூட வருவாள். பெயர், போட்டோ எதுவும் போட மாட்டேன். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அரை மணி நேரம் போதும். நோன்பு தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.