ஆடி மழையில் வயநாடு: போகலாமா, வேண்டாமா?

மலைநாடன்: ஆடியில் அப்பா அம்மாவோடு வயநாடு போகலாமா என்று ஒருவர் கேட்டதற்கு எல்லோரும் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சூச்சிப்பாறை அருவி, குருவா தீவு எல்லாம் மழையில் மூடிவிடுவார்கள், சரி. சுல்தான் பத்தேரி சமணக் கோயிலுக்கு என்ன வந்தது? திப்பு காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்த கருங்கல் கட்டடம் அது. அப்புறம் திருநெல்லி கோயில். கல்தூண்களை வரிசையாக நட்டு, மேலே கல்லிலேயே வாய்க்கால் குடைந்து வைத்து பிரம்மகிரி மலைத் தண்ணீரைக் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதை மழைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும்.

கூடலூர்க்காரி: 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்தது. அதற்குப் பிறகும் எப்படி இப்படி எழுத முடிகிறது? கோழிக்கோட்டிலிருந்து வயநாடு ஏறுகிற மலைப்பாதையான தாமரசேரி சுரத்தில் ஒரு மரம் விழுந்தால் போதும், ஒன்பது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் நிற்கும். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிற ஆம்புலன்சுக்கும் அதுதான் வழி.

மலைநாடன்: நம் ஊரிலிருந்து போகிறவர்கள் சுரம் ஏறவே வேண்டாமே. நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்து கூடலூர், பாட்டவயல் வழியாக பத்தேரி போய்விடலாம். ஆடி அமாவாசைக்கு திருநெல்லி கோயில் பக்கத்து பாபநாசினி ஓடையில் முன்னோருக்குத் திதி கொடுக்க அந்த ஊர் மக்களே மழையில் நனைந்துகொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

கூடலூர்க்காரி: எங்கள் சாலையிலும் மழைக்கு மரம் விழும், மண் சரியும். அவர்கள் திதி கொடுக்க வருகிறார்கள், எந்த ஓடை எப்போது பெருகும் என்று தெரிந்தவர்கள். நீங்கள் முன்பணம் கட்டிவிட்டு, ரெட் அலர்ட் வந்தாலும் பணம் போய்விடுமே என்று கிளம்புவீர்கள். எனக்கு அதுதான் பயம்.

பத்தேரிவாசி: முண்டக்கை மேப்பாடி பக்கம், பத்தேரியிலிருந்து நல்ல தூரம். ஆனாலும் அந்த வருடம் மாவட்டம் முழுக்க அறைகள் காலியாகி, ஜீப் ஓட்டுகிறவர், மசாலா விற்கிறவர் எல்லோரும் கஷ்டப்பட்டார்கள். வாருங்கள், ஆனால் மலைச்சரிவு ரிசார்ட் வேண்டாம், பத்தேரி டவுனிலேயே தங்குங்கள். எடக்கல் குகையில் கற்கால கோட்டுருவங்களும் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கின்றன, ஆனால் ஏற்றமும் ஈரப் படியும் வயதானவர்களுக்கு ஆகாது. அவர்களை அம்பலவயல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், பழைய நடுகற்களை நிதானமாகப் பார்க்கலாம்.

கூடலூர்க்காரி: டவுனில் தங்குவது சரி. ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இப்போதும் மார்கழிக்குத் தள்ளிப்போடத்தான் சொல்வேன்.