புதுப்பிப்பு: அந்தக் கறுப்பு டயல் பைலட் வாட்ச் அசல் இல்லை

போன மாதம் படம் போட்டுக் கேட்டிருந்தேனே, கிருஷ்ணகிரியில் பழைய சாமான் கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய எச்எம்டி பைலட் அசல்தானா என்று? "கழற்றிப் பார்க்காமல் நம்பாதே தம்பி" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி.

ஓசூரில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை என் கண்ணில் வைத்தே காட்டினார். எழுத்தோரங்களில் மை கசிந்திருக்கிறது. நிமிடக் கோடுகள் ஒரே அளவில் இல்லை. டயல் விளிம்பில் கறுப்புக்கு அடியில் பழைய வெள்ளை தெரிகிறது. எச்எம்டியின் இன்னொரு மாடலான ஜனதாவாக இருந்திருக்கும் என்றார். இரண்டுக்கும் உள்ளே, தேய்மானம் குறைக்க 17 சின்னக் கற்கள் வைத்த, கையால் சாவி கொடுக்கும் அதே மெஷின்தான். டயலை மாற்றினால் ஜனதா பைலட் ஆகிவிடும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொடங்கியது. அந்த வழியில் வந்த மெஷின் இது. அது மட்டும் அசல், நன்றாக ஓடுகிறது.

மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. விற்க மாட்டேன், விற்றால் இன்னொருவர் ஏமாறுவார்.

காவேரிப்பட்டினத்தில் தாத்தாவின் ஜனதா டயல் மஞ்சளித்துக் கிடக்கிறது. புது பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தேன். நேற்றே போய்த் திரும்ப வாங்கிவிட்டேன், இன்னும் தொடவில்லையாம்.