பிரீமில்லெனியலிசம், போஸ்ட்மில்லெனியலிசம், ஏமில்லெனியலிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரியிலிருந்து:

அன்புடையீர், வணக்கம்.

வேதபாட வகுப்புச் சொற்பட்டியலில் இந்த மூன்றும்தான் பாக்கி. வெளிப்படுத்தின விசேஷம் 20 சொல்லும் ஆயிரமாண்டு ஆட்சிக்கு முன் கிறிஸ்து மறுபடி வருவாரா, அதன்பின் வருவாரா, அல்லது அந்த ஆயிரம் இப்போதே நடக்கிறதா என்பதில் வரிசையாக இவை மூன்று கொள்கைகள். பிரீமில்லெனியலிசத்துக்கு வரைவில் உள்ள 'முன் ஆயிரமாண்டுக் கொள்கை' என்பதை அப்படியே விட்டுவைக்கக்கூடாது. முன்பனி, முன்னிரவு என்று பழகிய காதுக்கு, முன் ஆயிரமாண்டு என்றால் ஆயிரமாண்டுதான் முதலில் வருகிறது. பிரீமில்லெனியலிசம் சொல்வதோ கிறிஸ்து முதலில் வருகிறார், ஆயிரமாண்டு பிறகு என்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் பொருள் தலைகீழாகி, எதிர்க்கொள்கையின் பெயராகிவிட்டது.

'முன்வருகைக் கொள்கை' என்ற யோசனையும் உதவாது. பெத்லகேமில் நடந்த முதல் வருகையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆயிரம் என்று பொருள்படும் கிரேக்க 'கிலியா'வை வைத்து 'கிலியாயியம்' என்று ஆக்கினால் கிலி பிடிப்பதுதான் நினைவுக்கு வரும்.

கி.மு., கி.பி. எல்லாருக்கும் தெரியும். நிகழ்ச்சியை முதலில் சொல்லி, முன், பின் என்பதை அதற்குப் பிறகு வைப்பது தமிழுக்கு இயல்பு. அப்படியே செய்வோம்:

பிரீமில்லெனியலிசம்: வருகைப்பின் ஆயிரம்
போஸ்ட்மில்லெனியலிசம்: வருகைமுன் ஆயிரம்

ஆங்கிலப் பெயர் வருகை எங்கே என்று சொல்கிறது. நம் பெயர் ஆயிரம் எங்கே என்று சொல்கிறது. அதனால் ஆங்கில 'பிரீ' வரும் இடத்தில் நமக்குப் 'பின்' வரும். மொழிபெயர்ப்பவர் தடுமாறப்போவது இங்கேதான். பட்டியலிலேயே எச்சரிக்கை எழுதிவைக்க வேண்டும்.

ஏமில்லெனியலிசத்துக்கு 'ஆயிரமாண்டு மறுப்பு' என்பது அநியாயம். அவர்கள் வெளிப்படுத்தின விசேஷம் 20-ஐ மறுக்கவில்லை. 2 முதல் 7 வரை வசனத்துக்கு ஒன்றாக ஆறு முறை வரும் அந்த ஆயிரம், சபையின் இந்தக் காலமே என்கிறார்கள். நிகழ்காலம் போல 'நிகழாயிரம்' என்பது என் யோசனை. 1895-இல் மிசூரி லுத்தரன் மிஷன் வேலை தொடங்கிய ஊர் இது. அந்த மரபு நிகழாயிர மரபு. அதே தெருவில் பெந்தெகொஸ்தே சபை வருகைப்பின் ஆயிரத்தைப் பிரசங்கிக்கிறது. இரு சாராரும் தங்கள் நம்பிக்கையின் பெயர் என்று ஒப்புக்கொள்ளும் சொல்தான் பட்டியலில் நிற்கும்.

தருமபுரியிலிருந்து:

ஐயா, நிகழாயிரம் அருமை. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீனார் ஆயிரத்தைத் திருச்சபையின் காலமாகத்தான் விளக்கினார். எங்கள் கத்தோலிக்கப் பங்குகளிலும் சிக்கலில்லாமல் வழங்கும். எங்கள் விவிலியத்தில் 'ஆண்டு', உங்கள் வேதாகமத்தில் 'வருஷம்'. வெறும் 'ஆயிரம்' என்று நிறுத்தியதால் அந்த வழக்கும் தீர்ந்தது. ஆயிரங்காலத்துப் பயிர் என்று சொல்கிற மொழியில் ஆயிரம் எண்ணாகவும் நிற்கும், நெடுங்காலமாகவும் நிற்கும். கொள்கைப் பெயர் இதில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே முறை.

ஒரு தடை. 'வருகை' என்றால் எது? விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வரும் இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், அதன்பின் பகிரங்க வருகை என்று பிரித்துச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். 'வருகைப்பின்' என்றதும் இரகசிய வருகையை நினைத்துவிட்டால், ஆயிரம் தொடங்கும் இடம் ஏழு வருடம் முன்னே நகர்ந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போதகர் டார்பி வழிவந்த இந்தப் பிரிவினையை ஏற்காமலே வருகைப்பின் ஆயிரத்தை நம்புகிறவர்களும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் திருச்சபை ஆசிரியர்கள் யுஸ்தீனும் இரேனேயுவும் அப்படித்தான். ஆகவே 'பகிரங்க' என்று சேர்க்கவா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

சொல்லில் சேர்த்தால் நீளும். இரகசிய வருகையை ஏற்காதவர் மேல் அந்தப் பிரிவினையைச் சுமத்தியதாகவும் ஆகும். விளக்கத்தில் வைப்போம். பதிவு இப்படி:

வருகைப்பின் ஆயிரம்: எல்லாக் கண்களும் காணும்படி கிறிஸ்து வந்தபின், அவர் ஆயிரம் வருஷம் பூமியில் அரசாளுவார் என்ற கொள்கை. இங்கு வருகை என்பது வெளிப்படுத்தின விசேஷம் 19:11-இல் வெள்ளைக் குதிரைமேல் வரும் வருகை. 1 தெசலோனிக்கேயர் 4:17 சொல்லும், விசுவாசிகள் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுதல் அதனோடு சேர்ந்ததா, தனியா என்பது இச்சொல்லில் அடங்காது.

'எடுத்துக்கொள்ளப்படுதல்' பெயர்ச்சொல்லாக நீளமாய் இருக்கிறது. அடுத்து அதை எடுப்போம்.