கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளும் ஆலோசனையும் தேவை

நண்பர்களே, வேலூரில் தனியாக வசிக்கும் ஏழை முதியவர்களின் 6 வீடுகளுக்கு, மே 4 கத்திரி தொடங்குமுன், உள்ளே சூடு குறைய, சிமென்ட் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் கூரையில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

பாசியும் தூசியும் இருந்தால் பூச்சு பொருக்குத்தட்டி உதிரும். நன்றாக நனைத்த பிறகே கழுவணும். காய்ந்த ஆஸ்பெஸ்டாஸைத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். சுண்ணாம்பை முந்தின இரவே ஊறவைத்து, வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, வெயில் தாழ்ந்ததும் 2 கோட். உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்காது. ஷீட்டில் நேராகக் கால் வைத்தால் உடையும். குறுக்கே பலகை போட்டே ஏறணும்.

ஏணி, 2 நீளப் பலகை, ஞாயிறு மாலை 4 பேர் கிடைப்பார்களா? முதல் மழைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு தாங்கும், வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டே மேலா? அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

40 டிகிரி தாண்டினால் ஃபேன் அனலைத்தான் வீசும், ஈரத்துண்டும் வேணும். நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்குத் தண்ணீர் அளவு சொல்ல ஒரு செவிலியரும் வந்தால் நல்லது.