புதுப்பிப்பு: சேமித்த கார்டை அழிக்கத்தான் வேண்டுமா?

ஷாப்பிங் ஆப்களில் சேமித்த கார்டுகளை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியத் தளங்கள் கார்டு எண்ணையே வைத்திருக்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. அங்கே இருப்பது டோக்கன், அதாவது கார்டு எண்ணுக்குப் பதிலாக வைக்கும் ஒரு குறியீடு. அந்தக் கடையில் மட்டுமே செல்லும், திருடியவனுக்கு வேறெங்கும் உதவாது. தெரியாத தளங்களில் பதினாறு இலக்கத்தையும் தட்டுவதுதான் ஆபத்து.

வெளிநாட்டுத் தளங்களுக்கு இது பொருந்தாது. பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும். வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள்; வாங்கும் நேரத்தில் மட்டும் திறங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் மூடுங்கள்.

பணம் போனால் உடனே கார்டை முடக்கி, வங்கியில் புகார் எண் வாங்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும் தயங்க வேண்டாம்: புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.