மாதம் 40,000 ரூபா: வசதி குறைஞ்ச பிள்ளைகளுக்கு எந்த வகுப்பில போடுறது?

ஒட்டுசுட்டான் சனசமூகம்:
வெளிநாட்டில இருக்கிற ஊராக்கள் மாதம் 40,000 அனுப்புறம் எண்டு சொல்லியிருக்கினம். அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் காசு) எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் 22 பேர், தரம் 4 முதல் 11 வரை. நிர்வாகத்தில பாதிப்பேர் முழுக்காசையும் தரம் 5 புலமைப்பரிசில் ரியூசனுக்கே போடுவம் எண்டு நிக்கினம். சரிவருமா?

குளத்தடி வாத்தி:
வராது. புலமைப்பரிசிலில பெரிய பள்ளிக்கூடம் கிடைச்சாலும் அது டவுனில. விடுதிக்காசு ஆர் குடுக்கிறது?

இந்தப் பிள்ளைகள் கழண்டு விழுற இடம் ஓஎல் (தரம் 11 சாதாரண தரப் பரீட்சை) கணிதம். ஏஎல் (தரம் 12, 13 உயர்தரம்) படிக்க 6 பாடம் சித்தி வேணும், அதில தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், 3 பாடத்தில சி (திறமைச் சித்தி) எடுக்கவேணும். ஆனா கணிதம் தரம் 11இல உடையிறேல்லை. காலபோக வெட்டுக்கும் கச்சான் பிடுங்கவும் தாய் கூலிக்குப் போனா, மூத்தது சின்னனுகளைப் பார்க்க வீட்டில நிக்கும். ரெண்டு கிழமை விட்டதில பின்னம் போச்சு. அதுக்குப் பிறகு சதவீதம், விகிதம், அட்சரகணிதம் ஒண்டும் ஏறாது.

1/2 + 1/3 குடுத்துப் பாருங்கோ. 2/5 எண்டு எழுதினா, தரம் 10 பிள்ளை எண்டாலும் தரம் 6 கணக்கில இருந்துதான் தொடங்கவேணும். ஒரு வகுப்பில 8 பேருக்கு மேல சேர்க்காதேங்கோ. கிழமைக்கு 2 நாள், ஒண்டரை மணித்தியாலம். ஏஎல் எழுதிப்போட்டு கம்பஸ் (பல்கலைக்கழக) அழைப்புக்கு நிக்கிற பிள்ளையே படிப்பிக்கக் காணும். சம்பளத்தை மட்டும் மாதம் தவறாமல் குடுங்கோ, இல்லாட்டி மூண்டாம் மாதம் வகுப்பு நிண்டிடும்.

வெட்டுப்புள்ளி:
வாத்தி சொன்னதோட இதையும் சேருங்கோ. கம்பஸ் அனுமதியில 40% அகில இலங்கைத் திறமை, 55% மாவட்டக் கோட்டா, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில இருக்கு. ஆனா கலைப்பிரிவில பெரும்பாலான பாடநெறிக்கு இந்தக் கோட்டா இல்லை, இசட் புள்ளியில (ஏஎல் புள்ளிகளை ஒப்பிடக்கூடிய மாதிரி மாத்தி எடுக்கிற புள்ளி) முழு நாட்டோடயும் மோதவேணும்.

கிட்ட இருக்கிறது 1சி பள்ளிக்கூடம் எண்டா அங்க கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம் 1ஏபியில. அந்தத் தூரத்துக்குப் போக வழியில்லாமல் கலை எடுக்கிற பிள்ளைக்கு, பின்தங்கிய மாவட்டத்துக்கெண்டு வைச்ச சலுகையே கைக்கு வராது. ஆகவே தரம் 12க்குப் பஸ் சீசனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கோ. மாவட்டம் மாறிப் படிக்கப் போறதெண்டா, முதல்ல பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கையேட்டில மாவட்டம் எப்பிடிக் கணக்கெடுக்கிறது எண்டதை வாசியுங்கோ.

பிரதேச செயலக வாசல்:
காசில்லாத வேலை ஒண்டு. 22 பேரின்ர பிறப்புச் சான்றிதழையும் இந்தக் கிழமையே வாங்கிப் பாருங்கோ. போரில துலைஞ்சதை இன்னும் எடுக்காத வீடுகள் இருக்கு. அது இல்லாட்டி அடையாள அட்டை விண்ணப்பம் இழுபடும், ஓஎல் மண்டபத்துக்குள்ள அந்த அட்டை வேணும். தாயின்ர பெயர் ஒரு இடத்தில ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில வேற மாதிரி இருந்தா இப்பவே திருத்த விண்ணப்பியுங்கோ. பிறகு மகாபொலவுக்கு (கம்பஸ் பிள்ளைகளுக்குக் குடுக்கிற உதவிப்பணம்) வருமானச் சான்று எடுக்கேக்க அதே எழுத்துப்பிழை திரும்பவும் வந்து நிக்கும்.

சைக்கிள் குடுக்கிறதெண்டா டயர், டியூபுக்கும் காசு வையுங்கோ. கிரவல் றோட்டில கனகாலம் தாங்காது. மேடையில குடுத்துப் படம் எடுத்த சைக்கிள் எத்தினை இப்ப கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில நிக்குதெண்டு எண்ணிப் பாருங்கோ.

ஒட்டுசுட்டான் சனசமூகம்:
தரம் 11இல 4 பேர். பரீட்சைக்கு 5 மாதம்தான். கணிதம் அடிமட்டம். என்ன செய்யலாம்?

குளத்தடி வாத்தி:
5 மாதத்தில சாதாரண சித்தி எடுக்கலாம், சி வராது. தொடை (செற்), புள்ளிவிபரம், பரப்பளவு, வரைபு, நிகழ்தகவு இவ்வளவையும் கடந்தகால வினாத்தாளில இருந்து திருப்பித் திருப்பிச் செய்விக்கவும். கேத்திரகணித நிறுவலைத் தொடவேண்டாம். தவறினாலும் 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியில தொழிற்பிரிவு இருக்கு, அதுக்கு ஓஎல் சித்தி கேக்கிறேல்லை. ஆனா எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இல்லை. எங்க இருக்கெண்டு வலயக் கல்விப் பணிமனையில இப்பவே கேட்டு வையுங்கோ. கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கிற இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தையும் பாருங்கோ, அங்க என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம். நாலு பேரின்ர தாய்மாரையும் ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, வான் காசு அந்த 40,000இல அடங்கும்.