ப்ரீ-கேஜி சேர்த்து மூணு மாசம், ஆறு தடவை உடம்பு முடியல: எது வரைக்கும் சாதாரணம்?

தாம்பரம்_அம்மா

பையனுக்கு 3 வயசு 3 மாசம், ஜூன்ல ப்ரீ-கேஜி சேர்த்தோம். இப்போ செப்டம்பர். இதுவரைக்கும் கணக்கு: சளி இருமல் 4 தடவை (அதுல 2 தடவை 102 டிகிரி வரைக்கும் காய்ச்சல்), ஜூலை கடைசியில கை-கால்-வாய்க் கொப்புளம், போன வாரம் வாந்தி பேதி. ஒண்ணு சரியாகி ஒரு வாரம் நல்லா ஓடியாடுவான், அப்புறம் அடுத்தது. எடை ஜூன்ல 12.6, இப்போ 12.9 கிலோ. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, ஃப்ளூ ஊசி மட்டும் போடலை.

காட்டின கிளினிக்ல "பிரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கலாம், ஆறு மாச கோர்ஸ் ஆரம்பிச்சிடலாம்"னு சொல்றாங்க. எக்ஸ்ரே எடுக்கலை, மாண்டூ டெஸ்டும் (தோல்ல ஊசி போட்டு டிபி இருக்கான்னு பார்க்கிறது) போடலை. வீட்டுல இப்போ ஏழு பாட்டில் சிரப் இருக்கு: காய்ச்சலுக்கே ரெண்டு விதம், அப்புறம் சளி சிரப், எதிர்ப்பு சக்தி சிரப், பழைய ஆண்டிபயாடிக்னு. எதை எவ்வளவு கொடுக்கணும், எதைத் தூக்கிப் போடணும்? ஸ்கூலை நிறுத்திடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு_சிஸ்டர்

ஸ்கூல் சேர்த்த வயசுல வருஷத்துக்கு 8 முதல் 12 தடவை சளி பிடிக்கிறது சாதாரணம்மா. அது பன்னெண்டு மாசத்துக்கும் பங்கு போட்ட மாதிரி வராது. முதல் ஆறு மாசத்துல, அதுவும் மழை ஆரம்பிச்சா, குவிஞ்சு வரும். ரைனோ வைரஸ்ல மட்டுமே நூத்துக்கு மேல ரகம் உண்டு. ஒரு ரகம் வந்துட்டுப் போனா அடுத்த ரகத்துக்கு அந்த எதிர்ப்பு பெருசா உதவாது. உங்க பையன் கணக்கு இந்த வரம்புக்குள்ளதான் இருக்கு. நடுவுல நல்லா இருக்கான், எடையும் குறையலை. எனக்கு முக்கியமாப் படுறது இந்த ரெண்டும்தான்.

சளி 7-10 நாள்ல அடங்கும், இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். அந்த வால் முடியறதுக்குள்ள அடுத்த வைரஸ் வந்தா "மூணு மாசமா ஓயாத இருமல்"னு தோணும். அதனால மாதக் காலண்டர்ல குறிங்க: காய்ச்சல் நாளுக்கு "கா", இருமலுக்கு "இ", ஒண்ணும் இல்லாத நாளுக்கு டிக். (தினசரி கிழிக்கிற காலண்டர் வேண்டாம், தாளோட கணக்கும் குப்பைக்குப் போயிடும்.) நடுவுல டிக் விழுந்தா அது வேற வேற வைரஸ். ஒரு டிக்கும் இல்லாம நாலு வாரம் சளி கட்டின இருமல் ஓடினா கட்டாயம் காட்டணும். காய்ச்சலே இல்லாம காலையில தும்மல், மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கிறதுன்னா அலர்ஜி. ராத்திரியும் ஓடினாலும் இருமல் வந்தா வீஸிங் இருக்கான்னு பார்க்கணும். வாயைத் திறந்துட்டுக் குறட்டை விட்டா அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை வீங்கிறது). இதையெல்லாம் "எதிர்ப்பு சக்தி கம்மி"ன்னு ஒரே மூட்டையில கட்டிடுவாங்க.

நிஜமாவே எதிர்ப்பு சக்தியில குறை இருந்தா வேற மாதிரி தெரியும். ஒரு வருஷத்துல ரெண்டு தடவை நிமோனியா, நாலு தடவையோ அதுக்கு மேலயோ காதுல சீழ், ஆழமான கட்டி திரும்பத் திரும்ப வர்றது, ரெண்டு மாசம் ஆண்டிபயாடிக் கொடுத்தும் கேட்காதது, எடை ஏறாதது. அப்படி இருந்தாத்தான் எதிர்ப்பு சக்திக்கான பரிசோதனை.

பிரைமரி காம்ப்ளெக்ஸ் விஷயத்துக்கு வர்றேன். அது குழந்தைக்கு வர்ற டிபிதான். நம்ம ஊர்ல அடிக்கடி சளி பிடிக்குது, சாப்பிட மாட்டேங்குது, ஒல்லியா இருக்குன்னாலே இந்தப் பேரை வெச்சுடறாங்க. சந்தேகப்படக் காரணம் வேணும்: ரெண்டு வாரத்துக்கு மேல விடாத காய்ச்சல் அல்லது விடாத இருமல், எடை குறையறது, வீட்டுலயோ பக்கத்துலயோ டிபி நோயாளி. சந்தேகம் இருந்தா நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூ (48-72 மணி நேரத்துல அளக்கணும், தடிப்பு 10 மி.மீ. இருந்தா பாசிட்டிவ்), காலையில வெறும் வயித்துல இரைப்பை நீர் எடுத்து சிபிநாட் (டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட்). மாண்டூ பாசிட்டிவ்னா கிருமி உள்ள போயிருக்குன்னு அர்த்தம், அதை மட்டும் வெச்சு நோய்னு சொல்ல முடியாது. ஈஎஸ்ஆர் (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட்) கூடுதலா இருக்கிறதெல்லாம் எந்தச் சளிக்கும் வரும். ரத்தத்துல டிபி ஐஜிஜி, ஐஜிஎம் (எதிர்ப்புப் புரதங்கள்) பார்க்கிற டெஸ்டை 2012லயே இந்தியாவுல தடை பண்ணியாச்சு, யாராவது எழுதிக் கொடுத்தா எடுக்காதீங்க.

அதே சமயம் நிஜமா டிபின்னா பாதியில விடக்கூடாத மருந்து அது, கல்லீரலைக் கவனிச்சுக்கிட்டே கொடுக்கணும். அதனால "எதை வெச்சு சொல்றீங்க"ன்னு தயங்காம கேளுங்க. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலயோ பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயோ இன்னொரு கருத்து வாங்குங்க. டிபி உறுதியானா அரசு மருந்து இலவசம்.

மருந்துக்கடை

ஏழு பாட்டிலையும் மேசையில் வரிசையாக வைத்து, முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள். பிரச்சினை முழுக்க அங்கேதான்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12.9 கிலோவுக்கு அதிகபட்சம் சுமார் 190 மி.கி. ஆனால் கடையில் மூன்று செறிவு கிடைக்கிறது. 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி.; 250 மி.கி. உள்ளது என்றால் 3.75 மி.லி.; கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து 1 மி.லி.க்கே 100 மி.கி. என்பதால் 1.9 மி.லி. போன தடவை 125 வாங்கி "ஏழரை" என்று மனதில் பதிந்திருக்கும். இந்தத் தடவை கடையில் 250 கொடுப்பார்கள், அதே ஏழரை ஊற்றினால் இரண்டு மடங்கு. பாட்டில் மேல் மார்க்கரில் "இவனுக்கு 3.75" என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், 5 மி.லி. ஊசியில்லா சிரிஞ்சு ஒன்று வாங்கி, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு 170 மி.கி. ஆசனவாய் மாத்திரை இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அதைக் கொடுத்தால் அந்த வேளை சிரப் கிடையாது.

"காய்ச்சலுக்கு ரெண்டு விதம்" என்கிறீர்கள். இரண்டாவது பெரும்பாலும் ஐபுபுரூஃபன் அல்லது மெஃபனாமிக் ஆசிட் கலந்ததாக இருக்கும். அதிலேயே பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கலாம். அக்டோபர் முதல் டெங்கு சீசன். டெங்கு இல்லை என்று தெரியாதவரை ஐபுபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் இரண்டையும் தொடாதீர்கள், ரத்தக்கசிவை அதிகமாக்கும். நிமிசுலைடு 12 வயதுக்குள் 2011லேயே தடை செய்யப்பட்டது.

சளி சிரப்புகளில் பல, குளோர்ஃபெனிரமின் + ஃபினைலெஃப்ரின் கலவை. சிலவற்றில் பாராசிட்டமாலும் உண்டு. காய்ச்சல் மருந்தோடு இதையும் கொடுத்தால் தெரியாமலே இரட்டை அளவு. குளோர்ஃபெனிரமின் + ஃபினைலெஃப்ரின் கலவை 4 வயதுக்குள் கூடாது என்று 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்த பிறகு, 2 வயதுக்குள் இருமல் சிரப் கூடவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசே அறிவுறுத்தியது. மூன்று வயதுக்கு இருமலுக்குத் தேன் போதும்: தூங்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. மூக்கடைப்புக்கு 0.65 சதவீத உப்புநீர் சொட்டு, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கால் மணி முன்.

பேதிக்கு ஓஆர்எஸ்: 4.2 கிராம் பாக்கெட் என்றால் 200 மி.லி. தண்ணீர், 21 கிராம் என்றால் முழுதாக 1 லிட்டர். "கொஞ்சம் திக்கா இருக்கட்டும்" என்று பாதித் தண்ணீரில் கலக்கினால் பேதி கூடும். பேதியாகும் ஒவ்வொரு தடவைக்கும் 100 முதல் 200 மி.லி., கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். கூடவே ஜிங்க் 20 மி.கி., தினம் ஒரு வேளை, 14 நாள். பேதி நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள், 14ஐயும் முடியுங்கள். போன வாரம் ஆரம்பித்திருந்தால் இன்னும் பாக்கி இருக்கும். டெட்ரா பேக் பழ ஜூஸ் ஓஆர்எஸ் ஆகாது, சர்க்கரை அதிகம்.

எதிர்ப்பு சக்தி சிரப்பைத் தூக்கிப் போடலாம். திறந்து மாதக்கணக்கான பழைய ஆண்டிபயாடிக் பாட்டிலையும். பவுடரில் தண்ணீர் கலக்கும் ஆண்டிபயாடிக், கலந்த பின் பெரும்பாலும் 7 நாள்தான். கலக்கும்போது பாதித் தண்ணீர் விட்டுக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையைத் தண்ணீர் என்று நினைத்து முன்பே நிறுத்திவிட்டால் மருந்து செறிவு கூடிவிடும்.

சேலம்_அப்பா

எல்லாம் சரிங்க, பேசாம இந்த வருஷம் நிறுத்திட்டு நேரா எல்கேஜில சேர்த்தா என்ன? மூணு வயசுல ஸ்கூல் அவசியமா?

மழலை_டீச்சர்

நிறுத்தினா நிற்கும் சார், அடுத்த ஜூன்ல திரும்ப இதே பட்டியல் ஆரம்பிக்கும். வீட்டுல ரெண்டு மூணு மாசக் கைக்குழந்தை இருந்தாலோ, பிள்ளைக்கே இதயக் கோளாறு, அடிக்கடி அட்மிட் ஆகிற வீஸிங் இருந்தாலோ தள்ளிப்போடுறதுல அர்த்தம் உண்டு. மத்தபடி இல்லை.

ஸ்கூல் பக்கம் இருந்து சில விஷயம். யூனிஃபார்ம்ல பின் போட்டுக் குத்தி விடுற கைக்குட்டை இருக்கே, பதினோரு மணிக்கே அது சொதசொதன்னு நனைஞ்சிருக்கும். மூக்கைத் துடைச்ச அதே துணியில கண்ணைத் துடைப்பான், பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கும் துடைச்சு விடுவான், பாசம்! சளி இருக்கிற வாரத்துல மூணு சின்னப் பருத்தித் துணி ஒரு கவர்லயும், அழுக்குத் துணி போட ஒரு காலிக் கவரும் பையில வைங்க. மிஸ்கிட்ட இடைவேளைக்கு ஒண்ணு மாத்தச் சொல்லுங்க.

அடுத்து ஸ்ட்ரா வெச்ச தண்ணி பாட்டில். மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் வளையத்தை ஒரு ஊக்கால நெம்பி எடுத்துப் பாருங்க, அடியில கருப்பா வழவழன்னு இருக்கும். தினமும் கழட்டிக் கழுவ முடியாதுன்னா வாயகன்ற சாதா ஸ்டீல் பாட்டில் மேல்.

கை கழுவறது சோப்பு போட்டு 20 விநாடி. சானிடைசர் கை-கால்-வாய்க் கொப்புளத்துக்கும் வாந்திபேதி வைரஸுக்கும் சரியா வேலை செய்யாது, அதை நம்பி இருக்காதீங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் வேலை கை கால் முகம் கழுவி உடுப்பு மாத்துறது, அப்புறம்தான் முறுக்கு டப்பா.

எப்போ அனுப்பலாம்: மருந்து இல்லாம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும். காலையில பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினா பதினோரு, பன்னெண்டு மணிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும், போன் வரும். வாந்தி பேதி நின்னு 48 மணி நேரம். அம்மைன்னா எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டினப்புறம். வெறும் மூக்கொழுகல், லேசான இருமல்னா அனுப்பலாம். அதுக்கெல்லாம் லீவு போட்டா வருஷத்துல பாதி நாள் வீட்டுலதான்.

தாம்பரம்_அம்மா

ரொம்ப நன்றி. பாட்டிலைப் பார்த்தா காய்ச்சல் மருந்து 250தான், நான் 5 மி.லி. கொடுத்துட்டு இருந்திருக்கேன். இன்னும் மூணு சந்தேகம். மாமியார் தேங்காய் எண்ணெயில கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவுறாங்க, ஆவியும் பிடிக்கச் சொல்றாங்க. வாழைப்பழம், தயிர் ரெண்டையும் நிறுத்தியாச்சு. அப்புறம், நேத்துல இருந்து கைவிரல்ல ரெண்டு நகம் அடியில இருந்து கழண்டு வருது. கால்சியம் குறைவா?

வார்டு_சிஸ்டர்

5 மி.லி.ன்னா 250 மி.கி., கிலோவுக்கு 19 வருது. ஓரிரு வேளைன்னா பயப்பட வேண்டாம், நாள் கணக்கா நாலு வேளையும் கொடுத்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இனிமே 3.75.

கற்பூரம் வயித்துக்குள்ள போனா வலிப்பு வரும். தடவின கையை வாயில வைக்கிற வயசு இது, கிண்ணத்தை எட்டுற இடத்துல வெச்சா இன்னும் ஆபத்து. மாமியார்கிட்ட வெறும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்க, தடவி விடுற சுகம் பிள்ளைக்குப் பிடிக்கும்தான். ஆவி வேண்டாம். போர்வைக்குள்ள கொதிக்கிற தண்ணியை இழுத்து மேல கொட்டிக்கிட்டுத் தீக்காய வார்டுக்கு வர்ற பிள்ளைங்க உண்டு. சாம்பிராணிப் புகையும் வீஸிங் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. வாழைப்பழமும் தயிரும் சளியைக் கொண்டு வராது, திரும்பக் கொடுங்க. எடை மூணு மாசத்துல 300 கிராம்தான் ஏறியிருக்கு, அரைக் கிலோ எதிர்பார்ப்போம். நோய் விட்ட வாரத்துல ஒரு வேளை கூடுதலா ஊட்டுங்க: நெய் விட்டப் பருப்பு சாதம், முட்டை, வேர்க்கடலை உருண்டை (பொடிச்சுப் பிடிச்சது, முழுக் கடலை புரையேறும்). ஃப்ளூ ஊசியை மழைக்கு முன்னாடி போட்டுடுங்க, முதல் தடவைங்கிறதால 4 வார இடைவெளியில ரெண்டு டோஸ், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு.

எப்போ ஓடணும்னா: அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிட்டு வயிறு ஏறி இறங்குறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. 40ஐ எட்டினா, இல்ல மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஆறு மணி நேரத்துக்கு மேல மூத்திரம் போகாதது, எதையும் குடிக்காம துவண்டு கிடக்கிறது, காய்ச்சல் விட்ட பிறகு வயித்து வலியும் விடாத வாந்தியும் (டெங்குல ஆபத்தே காய்ச்சல் விடுற நேரத்துலதான்) இதெல்லாமும் அப்படித்தான். காய்ச்சல்ல வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் வைக்காதீங்க, கையில சாவி கொடுக்காதீங்க, மணி பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108.

நகம் கால்சியம் இல்லை. ஜூலைல வந்த கொப்புளத்தோட மிச்சம் அது. நகம் வளர்ற இடத்துல அப்போ வேலை நின்னு போயிருக்கும், ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கோட்டுல பிரிஞ்சு வரும். வலிக்காது, அடியில புது நகம் ஏற்கனவே வந்திருக்கும். பிய்க்க விடாதீங்க, தூக்கிட்டு நிற்கிற ஓரத்தை மட்டும் குளிச்சதும் மெதுவா இருக்கும்போது வெட்டி விடுங்க, சட்டையில மாட்டி இழுக்காம இருக்க ராத்திரி ஒரு பிளாஸ்திரி சுத்துங்க.